கணையத்துக்குக் காவல் யார்?

1980-களில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் சதர்லண்ட் தலைமையிலான அறுவை மருத்துவர்கள், ஒரே கருவிலிருந்து பிரிந்து பிறந்த சில இரட்டையர்களுக்கு ஓர் அறுவை சிகிச்சை செய்தார்கள். இரட்டையரில் ஒருவருக்கு முதல் வகை நீரிழிவு. பல ஆண்டுகளாக இன்சுலின் ஊசியை நம்பி வாழ்பவர். மற்றவருக்கு நோய் இல்லை. நோயில்லாதவரின் கணையத்தில் பாதியளவை வெட்டியெடுத்து நோயாளிக்குப் பொருத்தினார்கள். அடுத்தவர் உறுப்பை உடல் ஏற்காமல் தள்ளும் சிக்கல் இங்கே கிடையாது; இருவருக்கும் மரபணு ஒன்றே என்பதால் வந்த உறுப்பை உடல் தன்னுடையதாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் தொடக்கத்தில் சிகிச்சை பெற்ற சிலருக்கு நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகள் கொடுக்கப்படவில்லை. நினைத்தபடியே ரத்தச் சர்க்கரை சீரானது, ஊசியும் நின்றது. ஆனால் சில வாரங்கள், மாதங்களுக்குள் சர்க்கரை மறுபடி ஏறியது. பொருத்திய கணையத்திலிருந்து துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது உறுப்பு மொத்தத்தில் நன்றாகவே இருந்தது. இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் இருந்த திட்டுகளை மட்டும் வெள்ளணுக்கள் மொய்த்திருந்தன. அதே திட்டில், பக்கத்திலேயே இருந்த ஆல்ஃபா செல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னாளில் இதே சிகிச்சையோடு எதிர்ப்பை அடக்கும் மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்களுக்குப் பொருத்திய சுரப்பி நெடுநாள் வேலை செய்தது.

முதல் வகை நீரிழிவு நோயெதிர்ப்பு மண்டலத்தின் பிழை என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவது வழக்கம். அது சரியான வாசிப்புத்தான். ஆனால் பாதி வாசிப்பு. கொடுத்தவரின் பக்கம் நின்று பார்த்தால் வேறொரு கேள்வி எழுகிறது. அந்தக் கணையம் அவர் வயிற்றில் இருந்த காலமெல்லாம் யாரும் அதைத் தொடவில்லை. அவருக்கும் அதே மரபணுக்கள், பெரும்பாலும் அதே வீடு, அதே சாப்பாடு, அதே தொற்றுகள். அப்படியானால் பீட்டா செல்லைத் தாக்கக்கூடிய வெள்ளணுக்களே அவர் உடலில் உருவாகவில்லையா, அல்லது உருவாகியும் ஏதோ ஒன்று அவற்றை அடக்கி வைத்திருந்ததா? இரண்டாவது விடைதான் சரி என்பது என் முடிவு. நம்மில் பெரும்பாலோருக்கு இந்த நோய் வராமல் இருப்பதற்குக் காரணம் தாக்கும் செல்கள் இல்லாதது அல்ல. அவற்றை அன்றாடம் தடுத்து நிறுத்தும் வேறு சில நோயெதிர்ப்பு செல்கள் இருப்பது. அந்தத் தடுப்பு எங்கே, எப்படித் தளர்கிறது என்று கேட்டால்தான் நோயும் புரியும், மருந்தும் புரியும்.

முதலில் ஒரு தெளிவு. நம் ஊரில் சர்க்கரை நோய் என்றால் பெரும்பாலும் இரண்டாம் வகைதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று கணித்தது. அதில் மிகப் பெரும்பகுதி இந்த வகை. உடலின் திசுக்கள் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காததும், நாளடைவில் கணையம் ஈடுகொடுக்க முடியாமல் போவதும் அதன் கதை. இங்கே பேசுவது அதைப் பற்றி அல்ல. பெரும்பாலும் பிள்ளைப் பருவத்திலோ இளமையிலோ வெளிப்பட்டு, உயிர் வாழவே இன்சுலின் வேண்டும் என்ற நிலைக்குக் கொண்டுபோகும் முதல் வகையைப் பற்றி. 1869-இல் பெர்லின் மாணவர் பால் லாங்கர்ஹான்ஸ் கணையத் திசுவுக்குள் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் சிறு செல் திட்டுகளை விவரித்தார். அவை எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. வளர்ந்த மனிதரின் கணையத்தில் அப்படிப் பத்து லட்சம் அளவில் உண்டு. சேர்த்து எடைபோட்டால் மொத்த உறுப்பில் இரண்டு விழுக்காட்டைத் தாண்டாது. இவ்வளவு சிறிய திசுதான் உடலின் இன்சுலின் முழுவதற்கும் பொறுப்பு. நோய் வெளிப்பட்ட சிறிது காலத்தில் இறந்த இளவயதினரின் கணையங்களை ஆராய்ந்த பெல்ஜிய நோய்க்கூறியல் வல்லுநர் வில்லி கெப்ட்ஸ், அவற்றில் பெரும்பாலானவற்றில் திட்டுகளைச் சுற்றி வெள்ளணுக்கள் குழுமியிருப்பதை 1965-இல் எழுதினார். குற்றம் நடந்த இடத்தில் வெள்ளணுக்கள் இருந்தன என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. அவற்றில் எது தாக்க வந்தது, எது தடுக்க வந்தது என்று பிரித்துப் பார்க்கக் கருவி இல்லை.

வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்கள் எலும்பு மஜ்ஜையில் பிறந்து, மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் தேறி வருகின்றன. ஒவ்வொரு டி செல்லின் மேலும் உள்ள ஏற்பி எந்த மூலக்கூறைப் பற்றும் என்பது ஏறக்குறைய தற்செயலாகவே அமைகிறது. அதனால் உடலின் சொந்தப் புரதத்தைப் பற்றும் செல்களும் நிறையவே பிறக்கும். அவற்றைக் களைந்தெறிய தைமஸ் ஒரு வேலை செய்கிறது: இன்சுலின் உட்பட, வேறு உறுப்புகளில் மட்டுமே உருவாக வேண்டிய புரதங்களைக் கொஞ்சம் கொஞ்சம் தானே உண்டாக்கிக் காட்டி, அவற்றை இறுகப் பற்றும் டி செல்களை அங்கேயே சாகடிக்கிறது. இன்சுலின் மரபணுவுக்கு அருகில் உள்ள ஒரு தொடர் சிலருக்கு நீளமாக இருக்கும். அவர்களின் தைமஸில் இன்சுலின் கூடுதலாக உருவாகிறது, முதல் வகை நீரிழிவும் அவர்களுக்குக் குறைவாக வருகிறது என்று 1997-இல் தெரிந்தது. ஆனால் இந்தக் களையெடுப்பு முழுமையானது அல்ல. 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, பீட்டா செல்லுக்கே உரிய துத்தநாகக் கடத்திப் புரதம் ஒன்றைக் குறிவைக்கும் கொல்லி டி செல்களை நோயாளிகள், நோயில்லாதவர்கள் இரு தரப்பின் ரத்தத்திலும் எண்ணிப் பார்த்தது. இரு தரப்பிலும் அவை ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன. கணையத்தில்தான் வேறுபாடு: நோயாளிகளின் கணையத்தில் அவை கூடுதலாகப் புகுந்திருந்தன.

இதற்கும் பதினான்கு ஆண்டுகள் முன்பே லண்டன் கிங்ஸ் கல்லூரிக் குழு இன்னும் கூர்மையான ஒன்றைக் காட்டியிருந்தது. கணையத் திட்டுப் புரதத்தின் துண்டுகளை இரு தரப்பினரின் டி செல்களுக்கும் காட்டினார்கள். நோயாளிகளின் செல்கள் அழற்சியைத் தூண்டும் இன்டர்ஃபெரான்-காமாவைச் சுரந்தன. நோயில்லாதவர்களின் செல்களும் பதில் கொடுத்தன. ஆனால் சுரந்தது அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூக்கின்-10. இதை நின்று யோசிக்க வேண்டும். நோயில்லாதவரின் நோயெதிர்ப்பு மண்டலம் தன் கணையத்தைக் கண்டுகொள்ளாமல் இருக்கவில்லை. அதை அறிந்தே இருக்கிறது. அறிந்து, பகைமை இல்லாத பதிலைத் தருகிறது. சும்மா இருப்பதற்கும் தணித்து வைப்பதற்கும் உள்ள இந்த வேறுபாட்டில்தான் என் வாதம் நிற்கிறது.

தணித்து வைக்கும் செல்கள் என்று தனியாக ஓர் இனம் உண்டு என்பதை அறிவியல் உலகம் எளிதில் ஏற்கவில்லை. 1969-இல் ஜப்பானின் நிஷிசுகா, சகாகுரா இருவரும், பிறந்து மூன்றாம் நாளில் தைமஸை அகற்றிய பெண் எலிகளுக்குச் சூலகம் அழிந்துபோவதைக் கண்டார்கள். தைமஸ் இல்லாவிட்டால் டி செல் குறையும், எதிர்ப்பு மங்கும் என்பதுதானே கணக்கு? நடந்தது தலைகீழ். 1970-களில் அடக்கும் டி செல்கள் என்ற பேச்சு அடிபட்டது. அளவுக்கு மீறிய கோட்பாடுகள் கட்டப்பட்டன. 1980-களில் மூலக்கூறு உயிரியல் வந்து, அந்தக் கோட்பாடுகள் நம்பியிருந்த மரபணு சொன்ன இடத்தில் இல்லவே இல்லை என்று காட்டியது. அதன் பிறகு அந்தச் சொல்லை உச்சரிப்பதே ஆய்வாளர்களுக்கு மானக்கேடு என்றானது. ஷிமோன் சகாகுச்சி அந்தச் சூழலிலும் விடவில்லை. மேற்பரப்பில் சிடி25 என்ற புரதத்தைத் தாங்கும் டி செல்களை மட்டும் நீக்கிவிட்டு, மிச்சத்தை டி செல் இல்லாத எலிகளுக்குச் செலுத்தினார். தைராய்டு, வயிறு, சூலகம் என்று பல உறுப்புகளில் தன்னுடல் தாக்கு நோய் கிளம்பியது. கணையத் திட்டுகளிலும் அழற்சி வந்தது. நீக்கிய செல்களையும் சேர்த்துச் செலுத்தியபோது நோய் தடைபட்டது. 1995-இல் வந்த அந்தக் கட்டுரையிலிருந்துதான், ஒழுங்காற்று டி செல்கள் எனப்படும் இந்தத் தணிக்கும் செல்களின் நவீன வரலாறு தொடங்குகிறது.

இந்த வரலாற்றின் மற்றொரு இழை அமெரிக்காவில் நீண்டுகொண்டிருந்தது. 1940-களில் டென்னசியின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில், தோல் செதிலாகி, சில வாரங்களே உயிர்வாழும் ஆண் எலிகள் தாமாகவே பிறந்தன. மேரி பிரன்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெல்லும் அந்தக் குறைக்குப் பொறுப்பான மரபணுவை எக்ஸ் நிறத்திரியில் தேடினார்கள். ஐயத்துக்குரிய மரபணுக்கள் இருபது என்று சுருக்கி ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசியான இருபதாவதில் பிழையைப் பிடித்தார்கள். அதற்கு ஃபாக்ஸ்பி3 என்று பெயரிட்டார்கள். அதே மரபணு பழுதானால் ஆண் குழந்தைகளுக்கு ஐபெக்ஸ் என்ற கொடிய நோய் வரும் என்பதும் 2001-இல் உறுதியானது. ஒழுங்காற்று டி செல்லை உருவாக்கும் விசை இந்த மரபணுதான் என்பதை அடுத்த இரண்டாண்டுகளில் சகாகுச்சியும் மற்றவர்களும் காட்டினார்கள். 2025-இல் பிரன்கோ, ராம்ஸ்டெல், சகாகுச்சி மூவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. நம் பேச்சுக்கு முக்கியம் பரிசல்ல, அந்தக் குழந்தைகள். ஒழுங்காற்று டி செல் இல்லாமல் பிறக்கும் அந்த ஆண் பிள்ளைகளுக்குக் குடல் அழற்சி, தோல் அழற்சியோடு நீரிழிவும் வருகிறது. அதுவும் பள்ளிப் பருவத்தில் அல்ல, பலருக்குப் பிறந்த சில வாரங்களிலோ மாதங்களிலோ. மனித உடலில் இந்த ஓர் இனத்தை மட்டும் எடுத்துவிட்டால் கணையம் எவ்வளவு நாள் தாங்கும் என்ற கேள்விக்கு இயற்கையே சொன்ன பதில் அது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அந்தக் குழந்தைகளுக்கு உடலெங்கும் தீப்பிடித்திருக்கிறது. கணையமும் அதில் எரிகிறது. சாதாரண முதல் வகை நீரிழிவில் மற்ற உறுப்புகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றனவே, அங்கும் இதே செல்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது? நியாயமான கேள்வி. விடைக்கு, கணையம் மட்டும் தாக்கப்படும் ஓர் உயிரினத்தில் சோதிக்க வேண்டும். 1980-இல் ஜப்பானிய மருந்து நிறுவனமான ஷியோனோகியில் மகினோ குழுவினர் அறிவித்த என்ஓடி எலிகள் அதற்கு வழி செய்தன. உடல் பருமன் இல்லாமலே இவற்றுக்கு முதல் வகை நீரிழிவு தானாக வரும். இந்த எலிகளில் மூன்று நான்கு வார வயதிலேயே வெள்ளணுக்கள் கணையத் திட்டுகளைச் சூழ்ந்துவிடுகின்றன. ஆனால் சர்க்கரை ஏறுவது பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு. இடைப்பட்ட இரண்டு மாதமும் தாக்க வந்தவை வாசலிலேயே நிற்கின்றன. எலியின் ஆயுளோடு ஒப்பிட்டால் இது சின்னக் காலம் அல்ல.

டயான் மாத்திஸ், கிறிஸ்டோஃப் பெனுவா இணையின் ஆய்வகம் இந்த இடைவெளியைத்தான் குடைந்தது. பீட்டா செல்லைக் குறிவைக்கும் டி செல்களே நிறைந்திருக்கும்படி மரபணு மாற்றிய என்ஓடி எலிகளை அவர்கள் வைத்திருந்தார்கள். தாக்கும் செல்கள் இவ்வளவு இருந்தும் அவற்றில் பல எலிகள் கணையத் திட்டுகளில் பெரும் வெள்ளணுக் கூட்டத்தோடு மாதக்கணக்கில் சர்க்கரை ஏறாமலே வாழ்ந்தன. அந்த எலிகளில் ஒழுங்காற்று டி செல்கள் மட்டும் டிஃப்தீரியா நச்சுக்குப் பலியாகும்படி ஏற்பாடு செய்து, நச்சை ஊசியில் கொடுத்தார்கள். 2009-இல் வெளியான முடிவு இது: சில மணி நேரத்திலேயே கணையத் திட்டுகளின் நிலவரம் மாறத் தொடங்கியது. முதலில் சிலிர்த்துக்கொண்டவை இயற்கைக் கொல்லி செல்கள். அவை பெருகி, இன்டர்ஃபெரான்-காமாவைச் சுரந்தன. அதை வாங்கிக்கொண்டு, அதுவரை அடங்கிக் கிடந்த டி செல்கள் கிளர்ந்தன. சில நாட்களில் எலிகளுக்கு முழு நீரிழிவு. புதிதாக எந்தத் தாக்குதல் செல்லும் உடலுக்குள் சேர்க்கப்படவில்லை. தடுத்தவை போயின, அவ்வளவுதான். தடுப்பு என்பது எப்போதோ ஒரு முறை நடந்து முடிந்த ஏற்பாடு அல்ல, மணிக்கு மணி நடக்கும் வேலை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியவில்லை.

எப்படித் தடுக்கின்றன? வழிகள் பல, ஒன்று மிக அடிப்படையானது. டி செல்கள் பெருக இன்டர்லூக்கின்-2 என்ற புரதம் வேண்டும். தாக்கும் செல்கள் அதைத் தாமே சுரந்து தாமே பருகிப் பெருகும். ஒழுங்காற்று டி செல்லால் அதைச் சுரக்க முடியாது. ஆனால் சகாகுச்சி அடையாளமாகக் கொண்ட சிடி25, அந்தப் புரதத்தை இறுகப் பற்றும் ஏற்பியின் பகுதியேதான். வாய்க்காலில் வரும் நீரைத் தலைமடை வயல்களே இழுத்துக்கொண்டால் கடைமடைக்கு எட்டாது அல்லவா, அதுபோல இவை சுற்றுப்புறத்து இன்டர்லூக்கின்-2-ஐ உறிஞ்சிவிட, தாக்கும் செல்கள் பெருக வழியில்லாமல் போகிறது. இதில் ஒரு வலுவீனமும் ஒளிந்திருக்கிறது: அந்தப் புரதம் வரத்தே குறைந்துபோனால் முதலில் வாடுவது அதைத் தானே சுரக்கத் தெரியாத ஒழுங்காற்று செல்தான். என்ஓடி எலிகளின் கணையத் திட்டுகளில் நடப்பது இதுவே என்று 2008-இல் கண்டார்கள். இன்டர்லூக்கின்-2-ஐக் குறைந்த அளவில் கொடுத்தபோது திட்டுகளில் இருந்த ஒழுங்காற்று செல்கள் பிழைத்தன, எலிகளுக்கு நோய் தடைபட்டது. மனிதர்களிலும் இந்த ஏற்பியின் மரபணுவில் உள்ள சில மாறுபாடுகள் முதல் வகை நீரிழிவோடு தொடர்புடையவை. இன்னொரு வழி, டி செல்களைத் தூண்டிவிடும் கிளைச்செல்களின் மேற்பரப்பிலிருந்து தூண்டு மூலக்கூறுகளையே சிடிஎல்ஏ-4 என்ற புரதத்தால் பிடுங்கியெடுத்துவிடுவது. கணையத்தை ஒட்டிய நிணநீர் முடிச்சுகளில் இது நடந்தால், தாக்கும் செல் கணையத்தை எட்டுவதற்கு முன்பே வேகம் இழக்கும்.

எலியை விட்டு மனிதருக்கு வருவோம். கொலராடோ, ஃபின்லாந்து, ஜெர்மனி ஆகிய இடங்களில் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்த ஆய்வுகளின் தொகுப்பு 2013-இல் வந்தது. கணையத் திட்டுகளுக்கு எதிரான இரண்டோ அதற்கு மேலோ எதிர்ப்பான்கள் ரத்தத்தில் தோன்றிவிட்ட பிள்ளைகளில் சுமார் 70 விழுக்காட்டினருக்குப் பத்தாண்டுகளுக்குள் நீரிழிவு வந்தது. எல்லோரும் இந்த எண்ணிக்கையின் பெருமையைப் பார்க்கிறார்கள். நான் காலத்தைப் பார்க்கிறேன். தாக்குதல் தொடங்கிவிட்டது என்று ரத்தமே சொன்ன பிறகும் பத்தாண்டு கடந்து நோயில்லாமல் இருப்பவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. பாஸ்டன் ஜாஸ்லின் மையத்தில், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த நோயோடு வாழ்ந்த நானூற்றுச் சொச்சம் பேரைப் பரிசோதித்தபோது மூன்றில் இரண்டு பங்கினரிடம் சொந்த இன்சுலின் சுரப்பின் தடயம் இன்னும் இருந்தது. நோய் வென்ற பிறகும் முற்றாக வெல்லவில்லை. அடுத்து, புற்றுநோய் மருத்துவத்தில் தெரியாமலே நடந்த ஒரு சோதனை. டி செல்களின் மேல் பிடி-1 என்ற புரதம் உண்டு. அதை அழுத்தினால் டி செல் அடங்கும். புற்றுக்கட்டிகள் இதைப் பயன்படுத்தித் தப்புவதால், 2014 முதல் இந்தத் தடையை நீக்கும் மருந்துகள் நோயாளிகளுக்குக் கிடைக்கின்றன. பலரின் உயிரையும் காத்தன. அவற்றைப் பெறுவோரில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு, அதுவரை சர்க்கரைப் பிரச்சினையே இல்லாதவர்களுக்கும், திடீரென இன்சுலின் இல்லாத நீரிழிவு வருகிறது. வந்தால் பெரும்பாலும் திரும்புவதில்லை. ஐம்பது அறுபது வயது வரை ஊறில்லாமல் இருந்த கணையம் ஒரு தடை நீங்கியதும் அழிகிறது என்றால், தாக்கக்கூடிய செல்கள் அந்த உடலில் அத்தனை காலமும் காத்திருந்தன என்றுதான் கொள்ள வேண்டும்.

காக்கும் செல், கொல்லும் செல் என்று இனம் பிரித்துப் பட்டியல் போட்டுவிட முடியாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒவ்வொரு கணையத் திட்டிலும் பெருவிழுங்கி செல்கள் சில நிரந்தரமாகக் குடியிருக்கின்றன. அவை உருவாகத் தேவையான வளர்ச்சிக் காரணி இல்லாமல் பிறக்கும் எலிகளில் பீட்டா செல்களின் மொத்த அளவே குறைந்துபோகிறது. ஆகவே வளர்ச்சிக்கு அவை வேண்டும். ஆனால் என்ஓடி எலிகளில் அதே செல்களை நீக்கினால் நீரிழிவு தடைபடுகிறது, ஏனெனில் பீட்டா செல்லின் துணுக்குகளை டி செல்லுக்கு எடுத்துக் காட்டுவதும் அவைதான். ஒரே செல், ஒரே இடம், சூழலுக்கேற்ப இரண்டு விளைவு. ஒழுங்காற்று டி செல் இவ்வளவு நிறம் மாறுவதில்லை என்பதே அதன் சிறப்பு.

இனி கடினமான மறுப்புகள். என்ஓடி எலிகளில் இந்த நோயைத் தடுக்க நூற்றுக்கும் மேற்பட்ட வழிகள் கண்டுபிடிக்கப்பட்டன. மனிதரில் பலித்தவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. இறந்த நோயாளிகளின் கணையத் திட்டுகளில் கொல்லி டி செல்கள் நிறைய. ஒழுங்காற்று செல்களோ தேடித்தான் பார்க்க வேண்டும். நோயாளிகளின் ரத்தத்தில் அவற்றின் எண்ணிக்கை குறைவாக இருப்பதாகவும் உறுதியாகவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளியின் ஒழுங்காற்று டி செல்களை எடுத்து ஆய்வகத்தில் பெருக்கித் திருப்பிச் செலுத்தும் சிகிச்சையே நேரடிச் சோதனை. அமெரிக்காவில் 14 பெரியவர்களுக்கு, அதிகபட்சம் 260 கோடி செல்கள் வரை, கொடுத்துப் பார்த்தார்கள். ஆபத்தில்லை என்று 2015-இல் அறிவித்தார்கள். ஆனால் அடுத்துச் சிறுவர்களிடமும் பதின்வயதினரிடமும் நடந்த பெரிய சோதனையில், போலி மருந்து பெற்றவர்களைவிடச் செல் பெற்றவர்களின் இன்சுலின் சுரப்பு கூடுதலாக நிலைக்கவில்லை. காப்பது இந்தச் செல் என்றால் அதைக் கோடிக்கணக்கில் கொடுத்தும் ஏன் காக்கவில்லை?

இந்தத் தோல்வியை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் அது எதை மறுக்கிறது என்று பார்க்க வேண்டும். செலுத்திய செல்கள் எல்லா வகை இலக்குகளுக்கும் உரிய கலவை. கணையத்தை அறிந்தவை அதில் சொற்பமே. எலிகளில் கணையத்தை அறிந்த ஒழுங்காற்று செல்கள் சிறு எண்ணிக்கையிலேயே பலன் தந்தன, கலவைச் செல்கள் அப்படித் தரவில்லை. செலுத்தியதும் நோய் வெளிப்பட்ட பின்பு, அதாவது பீட்டா செல்களில் பெரும்பகுதி போன பிறகு. மூன்றாவது காரணம் என் வாதத்தையே திருத்தச் சொல்கிறது: நோயாளிகளின் தாக்கும் டி செல்கள் ஒழுங்காற்று செல்களின் அடக்குதலுக்குக் கட்டுப்படுவது குறைந்திருக்கிறது என்று 2008 வாக்கிலேயே சில குழுக்கள் காட்டின. நோயில்லாத ஒருவரின் ஒழுங்காற்று செல்லைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாலும் அவை அடங்க மறுக்கின்றன. ஆகவே தடுப்புத் தளர்வது என்றால் தடுக்கும் செல் குறைவது மட்டும் அல்ல. தடுக்கப்படும் செல் மசியாமல் போவதும் அதில் அடங்கும். மின்னசோட்டா இரட்டையரில் நோயாளியின் உடலில் நடந்ததும் இதுவாகவே இருக்கும்: பல ஆண்டுகளுக்கு முன் பழகிய தாக்குதல் செல்கள், இலக்கு மறுபடி தென்பட்டதும் எந்தத் தடைக்கும் நிற்காமல் பாய்ந்தன.

பழி பீட்டா செல்லின் மேலேயே போட வேண்டியது என்ற வாதமும் உண்டு. ஜான் பிராங்கோ பொட்டாஸோ 1980-களிலேயே பீட்டா செல்லின் சாவு கொலையா தற்கொலையா என்று கேட்டார். இன்சுலினை இடைவிடாமல் உற்பத்தி செய்யும் இந்தச் செல் எப்போதும் நெருக்கடியில் இருப்பது. நெருக்கடியில் அது பிழையான புரதத் துண்டுகளை வெளிக்காட்டி வெள்ளணுக்களைத் தானே வரவழைக்கக் கூடும். இதில் உண்மை இருக்கிறது. அழற்சியின்போது பீட்டா செல்கள் பிடி-1-ஐ அழுத்தும் புரதத்தைத் தாங்களே மேற்பரப்பில் ஏற்றி, தாக்க வரும் டி செல்லை அடக்க முயல்கின்றன என்பதும் தெரிந்ததே. காவலில் அவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் தற்கொலை வாதம் இரட்டையர் சோதனையில் முட்டுகிறது. அங்கே பொருத்தப்பட்டது அதுவரை நோயில்லாத ஒருவரின் கணையம். அந்த பீட்டா செல்கள் அவர் உடலில் சாகவில்லை. இடம் மாறியதும்தான் செத்தன.

இந்த வாதத்துக்கு நடைமுறைப் பயன் என்ன என்றால், டெப்லிசுமாப் என்ற மருந்தைக் காட்டலாம். நோயாளிகளின் உறவினர்களில், இரண்டு எதிர்ப்பான்களாவது உள்ளவர்களாகவும் சர்க்கரை அளவு தடுமாறத் தொடங்கியவர்களாகவும் 76 பேரைத் தேர்ந்து, அவர்களில் 44 பேருக்கு இதைப் பதினான்கு நாள் செலுத்தினார்கள். 2019-இல் வெளியான முடிவின்படி, போலி மருந்து பெற்றவர்களில் பாதிப் பேருக்கு 24 மாதத்திலேயே நோய் வந்தது. மருந்து பெற்றவர்களுக்கு அது 48 மாதமானது. இந்த நோயின் வருகையைத் தள்ளிப்போடும் முதல் மருந்தாக அமெரிக்க அரசு 2022 நவம்பரில் இதற்கு அனுமதி தந்தது. இது ஒழுங்காற்று செல்லைப் பெருக்கும் மருந்து அல்ல. தாக்கும் கொல்லி டி செல்களைச் சோர்வடையச் செய்வதே இதன் முக்கிய வேலை என்று தெரிகிறது. ஆனால் இரண்டு வார மருந்து இரண்டு ஆண்டு கொடுக்கிறது என்பதே, இரு பக்கமும் நெருக்கி நிற்கும் ஓர் இழுபறி நடக்கிறது என்பதைக் காட்டுகிறது. விலைதான் மலைக்க வைக்கிறது: அறிமுகமானபோது ஒரு முழுச் சுற்றுக்கு 1,93,900 டாலர். மறுபுறம், குருத்தணுவிலிருந்து வளர்த்த கணையத் திட்டுச் செல்களைப் பொருத்திய 12 பேரில் 10 பேருக்கு ஓராண்டில் இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை என்ற செய்தி 2025-இல் வந்தது. மகிழ்ச்சிதான். அவர்கள் அனைவரும் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளைத் தொடர்ந்து எடுக்கிறார்கள். செல்லை உண்டாக்கும் வித்தை கைவந்துவிட்டது. அதைக் காக்கும் வித்தை இன்னும் வரவில்லை.

நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுங்கள் என்று நம் ஊரில் பொடியும் லேகியமும் மாத்திரையும் விற்கிறார்கள். சிலர் அதையே பிள்ளைகளின் நீரிழிவுக்கும் தீர்வு என்று சொல்கிறார்கள். இந்த நோயில் எதிர்ப்பு குறைந்துபோகவில்லை. இடம் தவறிக் கூடியிருக்கிறது. முதல் வகை நீரிழிவுள்ள பிள்ளைக்கு இன்சுலினை யார் சொன்னாலும் நிறுத்தக் கூடாது. வீட்டில் ஒரு பிள்ளைக்கு இந்த நோய் இருந்தால், உடன்பிறந்தோருக்கு எதிர்ப்பான் பரிசோதனை செய்யலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். குழந்தை ஓயாமல் தண்ணீர் கேட்டு, அடிக்கடி சிறுநீர் கழித்து, உடம்பு இளைத்துக்கொண்டே போனால், நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளாமல் அன்றைக்கே ரத்தச் சர்க்கரையைச் சோதித்துவிடுங்கள்.